மூன்று முறை திரும்பி வந்த கேள்வி

கல்லீரலில் கொழுப்பு இல்லாத ஆளை இந்தக் காலத்தில் தேடித்தான் பிடிக்க வேண்டும். பத்துப் பேரை ஸ்கேன் அறைக்குள் அனுப்பினால் மூன்று நான்கு பேர் அந்தச் சொல்லோடுதான் வெளியே வருவார்கள். இரண்டு நாள் சர்க்கரை இல்லாமல் டீ குடிப்பார்கள், மூன்றாம் நாள் மறந்துவிடுவார்கள். என் கல்லீரலிலும் இருக்கிறது, அளவாக. இரண்டு மாடி ஏறி வந்ததற்கே நேற்று உங்களுக்கு மூச்சு வாங்கியதைப் பார்த்தேன். நீங்களும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. பார்த்தால் அறிக்கையின் இரண்டாம் பக்கத்தையும் கேட்டு வாங்குங்கள்.

என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள். ஆறு தாளும் ஒரு பேனாவும் கொடுத்து, படிவத்தில் எந்தக் கட்டத்தையும் காலியாக விடக் கூடாது என்றீர்கள். இதை என்னிடம் சொல்ல வேண்டியதே இல்லை. இருபத்திரண்டு வருஷமாக நான் பிறருக்குச் சொல்லி வந்தது அதைத்தான்.

விசாரணைக் குழுவில் இருக்கிற மற்ற இருவருக்கும் என் வேலை புரிந்ததாகத் தெரியவில்லை. அவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான் மருத்துவக் குறியீட்டாளர். ஆஸ்பத்திரியின் நாலாம் மாடியில், ஜன்னல் திறக்காத ஒரு நீள அறையில் பதினான்கு பேர் உட்கார்ந்திருப்போம். நோயாளியின் முகத்தைப் பார்க்கமாட்டோம், ஃபைலைத்தான் பார்ப்போம். டாக்டர் எழுதிய குறிப்பைப் படித்து ஒவ்வொரு நோய்க்கும் உரிய எண்ணைப் போடுவோம். கொழுப்புக் கல்லீரல் என்றால் கே எழுபத்தாறு புள்ளி பூஜ்யம். குடியால் வந்ததென்றால் வேறு எண். கல்லீரல் சுருங்கிப் போயிருந்தால் வேறு எண். ஒரே உறுப்புதான், எழுதுகிறவர் கையைப் பொறுத்து எண் மாறும்.

எங்களுக்கு ஒரு விதி உண்டு. டாக்டர் எழுதாததை நாங்கள் எழுதக் கூடாது. ஸ்கேன் அறிக்கையில் பூகம்பமே இருந்தாலும் சரி, சிகிச்சை பார்க்கிற டாக்டர் தன் குறிப்பில் அதைச் சொல்லாதவரை எங்களைப் பொறுத்தமட்டில் அது இல்லை. சந்தேகம் வந்தால் டாக்டருக்கு ஒரு கேள்வி அனுப்பலாம். ஆனால் கேள்வியே பதிலைச் சொல்லிக்கொடுப்பதாக இருக்கக் கூடாது. ‘இது புற்றுநோயா?’ என்று கேட்டால் தப்பு. ‘அறிக்கையில் இப்படி இருக்கிறது, தங்கள் கருத்து என்ன?’ என்று கேட்டால் சரி. இல்லாத நோயை நாங்கள் தூண்டிவிட்டு எழுத வைத்துவிடக் கூடாதே என்பதற்காக வந்த விதி. நல்ல விதிதான். அந்தக் கேள்வியும் நேரே டாக்டருக்குப் போகாது. தணிக்கையாளர் படித்துப் பார்த்து, சொல் சரியாக இருந்தால்தான் விடுவார். ஃபைல் வந்த நாளிலிருந்து தொண்ணூறு நாள் கெடு. அதற்குள் முடியாவிட்டால் கேள்வி தானாக மூடிக்கொள்ளும்.

எங்கள் தணிக்கையாளரை நீங்கள் ஃபோட்டோவில்தான் பார்த்திருக்கிறீர்கள். எங்களுக்குள் அவர் பெயர் கமா சார். ஒரு கமா இடம் மாறியிருந்தாலும் கேள்வியைத் திருப்பி அனுப்புவார். பென்சிலைக் கூராகச் சீவி மேசை விளிம்புக்கு நேராக வைப்பார். யாரையும் அதட்டிப் பேசியதில்லை. லிஃப்டில் எல்லோரும் ஏறிய பிறகுதான் தான் ஏறுவார். யாருடைய பிறந்தநாளையும் மறக்கமாட்டார். நல்ல மனுஷன் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்கிறேன். நான் அவரை அரக்கனாகக் காட்டிவிட்டேன் என்று பின்னால் யாரும் சொல்லக் கூடாது, அதனால் இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

இப்போது என் தங்கை.

என்னைவிட ஏழு வயது சின்னவள். வீட்டு முன்னறையில் தையல் மிஷின் போட்டுத் தெருவில் பாதிப் பேருக்குத் துணி தைத்துக் கொடுத்தாள். கணவன் வேறு ஊரில் வேறு குடும்பம் வைத்துக்கொண்ட பிறகு என்னோடு வந்துவிட்டாள். அவளுக்கு வாய் ஓயாது, எனக்கு வாய் திறக்காது. மிஷினை மிதித்துக்கொண்டே பேசுவாள், ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டும் பேசுவாள். எங்கள் இருவரையும் சேர்த்து இரண்டாக வகுத்தால் இரண்டு சரியான மனுஷிகள் கிடைப்பார்கள் என்று அம்மா சொல்வாள்.

அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி வாரத்தில் ஒரு சம்பவம். ஒரு மாத்திரையின் அளவு ஃபைலில் இருந்ததும் கொடுத்ததும் ஒத்துப்போகவில்லை. நான் அதை வார்டு டாக்டரிடம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அதற்குள் என் தங்கை குறுக்கே புகுந்து, “டாக்டர், அக்கா நம்பர் போடுறவ. டாக்டர் மாதிரியே பேசுவா, கண்டுக்காதீங்க” என்றாள். கலகலப்புக்காகச் சொன்னதுதான். டாக்டர் சிரித்தார், நர்ஸுகள் சிரித்தார்கள், பக்கத்துக் கட்டில்காரி சிரித்தாள். மூக்கில் குழாயோடு அம்மாவும் சிரித்தாள். மாத்திரை விஷயம் அதோடு போயிற்று. நான் கோபித்துக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு வீட்டில் உடம்பு, மருந்து பற்றி வாய் திறப்பதில்லை என்று மட்டும் வைத்துக்கொண்டேன். அம்மா போய் ஒரு வருஷம் கழித்தும் அப்படித்தான்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அன்றைய பட்டியலில் மூன்றாவது ஃபைலாக அவளுடையது வந்தது. ஃபைலில் அவள் பெயரோடு கணவன் பெயர் ஒட்டியிருந்ததால் பட்டியல் பிரிக்கிறவர்களுக்குத் தெரியவில்லை. உறவுக்காரர் ஃபைல் வந்தால் சொல்லிவிட்டு அடுத்தவர் மேசைக்குத் தள்ளிவிட வேண்டும், தவறினால் வேலை போய்விடும். நான் தள்ளவில்லை. படித்தேன்.

டாக்டர் குறிப்பு நாலே வரி. ‘கொழுப்புக் கல்லீரல். எடை எழுபத்தொன்று. எடை குறைக்கவும். ஆறு மாதம் கழித்து வரவும்.’ மூன்று வருஷமாக அதே நாலு வரிதான். முதல் தடவை எழுதியதை நகலெடுத்து ஒவ்வொரு தடவையும் ஒட்டிக்கொண்டே வந்திருக்கிறார். அவள் எழுபத்தொன்றைத் தாண்டி எத்தனையோ காலம் ஆகிறது. எங்கள் தொழிலில் அன்றாடம் பார்க்கிற கோளாறு இது. பழைய குறிப்பை ஒட்டும்போது பழைய விஷயமும் சேர்ந்து ஒட்டிக்கொண்டு வரும், யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். இதற்காகவே எத்தனை ஃபைல்களை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

ஸ்கேன் அறிக்கை இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் கொழுப்பு. இரண்டாம் பக்கத்தில், ‘கல்லீரலின் மேற்பரப்பு கரடுமுரடாக உள்ளது. வலப்பகுதியில் ஒன்றே முக்கால் சென்டிமீட்டர் அளவில் ஒரு கட்டி. மேற்கொண்டு பரிசோதனை தேவை’ என்றிருந்தது. டாக்டர் இரண்டாம் பக்கத்தைப் புரட்டவில்லை. நோயாளி கையில் கொடுப்பது முதல் பக்கச் சுருக்கம் மட்டும்தான்.

நான் செய்ய வேண்டியதைச் செய்தேன். கேள்வி எழுதினேன். பத்தே நிமிஷத்தில் எழுதி முடித்தேன். அறிக்கையின் வரிகளை அப்படியே எடுத்துப் போட்டு, ‘உடனடியாகக் கவனித்துத் தங்கள் கருத்தைப் பதிவு செய்யவும்’ என்று முடித்திருந்தேன்.

இருபத்தாறாம் நாள் அது திரும்பி வந்தது. கமா சார் குறிப்பு: ‘கேள்வி டாக்டரை வழிநடத்துகிறது. “உடனடியாக” என்பதை நீக்கி, நடுநிலையான சொற்களில் திருத்தி அனுப்பவும்.’ நீக்கி அனுப்பினேன். ஐம்பத்தெட்டாம் நாள் மறுபடி வந்தது. ‘சந்தேகத்துக்குரிய கட்டி’ என்று எழுதியிருந்தேனாம், அறிக்கையில் ‘கட்டி’ மட்டும்தான் இருக்கிறதாம். திருத்தினேன்.

நடுவில் ஒரு நாள் அவர் மேசைக்கே போனேன்.

“சார், இது கொஞ்சம் சீக்கிரம் போக வேண்டிய கேள்வி.”

“எல்லாருக்கும் அவங்கவங்க கேள்வி சீக்கிரம் போகணும்னுதான் இருக்கும்மா.” பென்சிலை நேராக்கினார். “யாரோட ஃபைல்னு பாத்தா நாம வேல செய்யறோம்? தெரிஞ்சவங்க யாராவதா?”

“இல்ல சார்.”

“அப்புறம் என்ன. வரிசையில வரட்டும்.”

எண்பத்தொன்பதாம் நாள் மூன்றாம் தடவையாகத் திரும்பி வந்தது. பதில்களுக்கான கட்டங்களில் ‘வேறு’ என்பதும் ‘சொல்ல இயலாது’ என்பதும் விடுபட்டிருந்தன. அவர் சொன்னது சரி, விடுபட்டுத்தான் இருந்தன. அன்று சாயங்காலமே சேர்த்து அனுப்பினேன். அடுத்த இரண்டு நாள் அலுவலகம் விடுமுறை. திரும்பி வந்து பார்த்தபோது கேள்வி மூடியிருந்தது. நான் அந்த ஃபைலுக்குக் கே எழுபத்தாறு புள்ளி பூஜ்யம் போட்டு முடித்தேன். டாக்டர் எழுதியது அவ்வளவுதானே.

அதற்கப்புறம் ஐந்து மாதம் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. இடையில் தன் உடைகளின் இடுப்பைத் தானே இரண்டு தடவை பிரித்துத் தைத்துக்கொண்டாள். எடை கூடிவிட்டது என்று நினைத்தாள். மூன்றாம் தடவை பிரிக்க உட்கார்ந்தபோது வெளிச்சத்தில் அவள் கண்கள் மஞ்சளாக இருந்தன. வயிற்றில் இருந்தது நீர். கட்டி ஒன்று மூன்றாகி ரத்தக்குழாய்க்குள் போயிருந்தது. முன்பே வந்திருந்தால் அறுத்து எடுத்திருக்கலாம் என்றார் பெரிய டாக்டர். அந்த ‘முன்பே’யின் தேதி எனக்குத் தெரியும். ஏழு வாரத்தில் போய்விட்டாள்.

துக்கத்துக்கு அலுவலகத்திலிருந்து எல்லோரும் வந்தார்கள். கமா சார் தையல் மிஷின் பக்கத்தில் நின்றார். உட்காரச் சொன்னபோதும் உட்காரவில்லை, மற்றவர்களுக்கு நாற்காலி போதாது என்றார். கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, “இப்படி ஒரு தங்கச்சி இருக்காங்கன்னே எங்ககிட்ட சொன்னதில்லையேம்மா. லீவு எத்தன நாள் வேணும்னாலும் எடுத்துக்கோ. படிவத்த மட்டும் சரியா நிரப்பிடு” என்றார். கண் கலங்கியிருந்தது. அவள் ஃபைல்தான் அது என்று அவருக்குத் தெரியாது. மூன்று முறை திருப்பி அனுப்பிய ஃபைலின் எண்ணைக்கூட அவர் நினைவில் வைத்திருக்கவில்லை.

அந்த நிமிஷம் அவர் மேல் எனக்கு வந்த வெறுப்பை எந்த எண்ணில் போடுவது என்று தெரியவில்லை. பிறகு ஒரு நாளும் அது குறையவில்லை. காலையில் அவருக்கு வணக்கம் சொல்லும்போது இருந்தது, அவர் கொடுத்த மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டபோதும் இருந்தது. அது இருந்ததால்தான் என்னால் தினமும் எழுந்து வேலைக்குப் போக முடிந்தது.

திட்டம் போட்டீர்களா என்று கேட்டீர்கள். இல்லை. காத்திருந்தேன், அவ்வளவுதான். நாலு வருஷம் காத்திருந்தேன். வேலையில் பிழை வராமல் பார்த்துக்கொண்டேன். இரண்டாவது தணிக்கையாளர் இடம் காலியானபோது என் பெயரைச் சொன்னதே கமா சார்தான். “இவங்க எழுதற கேள்விய மூணு தடவ திருப்பி அனுப்புனாலும் முகம் சுளிக்க மாட்டாங்க” என்று மேலதிகாரியிடம் சொன்னாராம். வேறு யாரோ சொல்லக் கேட்டேன், சிரித்துக்கொண்டேன்.

ஊழியர்களுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை உடல் பரிசோதனை உண்டு. ஊழியர் ஃபைல்களும் எங்கள் அறைக்கே வரும். தன் ஃபைலைத் தானே தணிக்கை செய்யக் கூடாது என்பதால் கமா சாருடையது என்னிடம்தான் வர வேண்டும். இந்த விதியை நான் உண்டாக்கவில்லை.

எங்களிடம் புதிதாக ஒரு குறியீட்டாளர் சேர்ந்திருந்தார். பதினைந்து வருஷம் வார்டில் நர்ஸாக இருந்தவர், முதுகுவலி வந்து உட்கார்ந்து செய்கிற வேலைக்கு மாறியவர். நர்ஸம்மா என்போம். அவர் எழுதிய கேள்வி ஒன்று ஒரு நாள் பதினொரு மணிக்கு என் திரைக்கு வந்தது. டாக்டர் குறிப்பு: ‘கொழுப்புக் கல்லீரல். எடை குறைக்கவும்.’ ஸ்கேன் அறிக்கையின் இரண்டாம் பக்கம்: மேற்பரப்பு கரடுமுரடு, ஒன்றேகால் சென்டிமீட்டரில் ஒரு கட்டி, மேற்கொண்டு பரிசோதனை தேவை. மேலே கமா சார் பெயர்.

நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். நாலு மேசை தள்ளி அவர் பென்சில் சீவிக்கொண்டிருந்தார்.

நர்ஸம்மா என் மேசைக்கு வந்து குனிந்து, தாழ்ந்த குரலில் பேசினார்.

“மேடம், கேள்வி கீள்வியெல்லாம் எதுக்கு? ஆளு இங்கதான உக்காந்திருக்காரு. போய் நேரா சொல்லிடலாமே.”

“ஃபைல்ல பாத்தத வாயால சொன்னா என்ன ஆகும்னு சேரும்போது கையெழுத்துப் போட்டீங்களே, ஞாபகம் இருக்கா?”

“இருக்கு மேடம். ஆனா கட்டி மேடம். வார்டுல இத எத்தன பாத்திருக்கேன். இப்ப புடிச்சா தப்பிச்சுடுவாரு.”

“உங்க வீட்டுல சம்பாதிக்கறது நீங்க ஒருத்தர்தான?”

அவர் நிமிர்ந்து கமா சார் மேசைப் பக்கம் பார்த்தார்.

“முறையா போகட்டும், நர்ஸம்மா. முறை எதுக்கு இருக்கு?”

மென்று விழுங்கிக்கொண்டு போய்விட்டார். அவர் மேல் நீங்கள் நடவடிக்கை எடுக்க வேண்டியதில்லை. பயந்தவர்களைத் தண்டித்து ஆகப் போவது ஒன்றுமில்லை. அவர் கேள்வி நன்றாகவே இருந்தது. குறை சொல்ல இடம் இல்லை. நான்தான் சொன்னேன்.

பழைய ஃபைல்கள் எங்கள் கணினியில் அழிவதே இல்லை. என் தங்கையின் ஃபைலைத் திறந்து, கமா சாரின் முதல் குறிப்பை நகலெடுத்து ஒட்டினேன். ‘கேள்வி டாக்டரை வழிநடத்துகிறது. நடுநிலையான சொற்களில் திருத்தி அனுப்பவும்.’ இருபத்தாறு நாள் கழித்துத்தான் அனுப்பினேன். இரண்டாவதை ஐம்பத்தெட்டாம் நாள். மூன்றாவதை எண்பத்தொன்பதாம் நாள். புதிதாக ஒரு சொல்கூட நான் எழுதவில்லை. எல்லாம் அவர் சொற்கள். அவர் கையால் அவருக்கே வந்து சேரட்டும் என்று நினைத்தேன்.

அந்த மூன்று மாதமும் மத்தியானச் சாப்பாடு அவரோடுதான். எட்டாம் எண் மேசை, தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில். டாக்டர் கொடுத்த சுருக்கத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார்.

“கல்லீரல்ல கொழுப்பாம்மா. இவ்வளவு நாள் மத்தவங்களுக்கு அந்த எண்ணப் போட்டுக்கிட்டிருந்தேன், இப்ப எனக்கே போட்டுட்டாங்க.”

“ஊர்ல பாதிப் பேருக்கு இருக்கு சார். நடங்க, சரியாயிடும்.”

நடந்தார். சாப்பிட்டதும் மாடி வராந்தாவில் இருபது நிமிஷம். சில நாள் நானும் கூட நடந்தேன். சர்க்கரையை விட்டார், எண்ணெயைக் குறைத்தார், மூன்று கிலோ இறங்கியது. எடை இறங்கியதற்கு நானே கைகொடுத்தேன். தொண்ணூற்றொன்றாம் நாள் அவருடைய ஃபைலைத் திறந்தேன். கேள்வி மூடியிருந்தது. கே எழுபத்தாறு புள்ளி பூஜ்யத்துக்கு ஒப்புதல் கொடுத்துவிட்டு அவருக்கும் எனக்கும் டீ வாங்கி வந்தேன்.

அடுத்த வருஷப் பரிசோதனைக்கு அவருக்குத் தேதி வந்தபோது, அசதியாக இருக்கிறது, போய்விட்டு வரட்டுமா என்று என்னிடம் கேட்டார். இத்தனை பேர் லீவில் இருக்கும்போது நீங்களும் போனால் வேலை தேங்கிவிடும் சார், அடுத்த மாசம் போங்களேன் என்றேன். அடுத்த மாசமும் அதையே சொன்னேன். வேலை தேங்குவது அவருக்குப் பொறுக்காது. இது எந்த விதியிலும் இல்லை. இதை நானாகச் செய்தேன். கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அவரை வார்டில் சேர்த்தபோது பார்க்கப் போனேன். வயிறு பெரிதாகி, கைகள் குச்சியாகி, என் தங்கை கிடந்த மாதிரியே கிடந்தார். மனைவி தண்ணீர் பிடிக்க வெளியே போனதும் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். ஏதோ தெரிந்துகொண்டுவிட்டார் என்று நினைத்தேன். தெரிந்துகொண்டால் நன்றாக இருக்குமே என்றுகூட ஒரு நொடி ஆசைப்பட்டேன்.

“என் ஃபைல்ல எண்ணு சரியா போட்டிருக்காங்களான்னு பாத்துடும்மா. இங்க வார்டுல எழுதறதெல்லாம் ஒரே அலங்கோலமா இருக்கு. குடியால வந்ததுன்னு கிறுக்கிடப் போறாங்க. நான் தொட்டதே இல்ல.”

“நானே பாத்துக்கறேன் சார்.”

“உன்கிட்ட விட்டா எனக்குக் கவல இல்ல.”

பார்த்துக்கொண்டேன். சி இருபத்திரண்டு புள்ளி பூஜ்யம், கல்லீரல் புற்றுநோய். என் தங்கைக்குக் கடைசியில் வேறு யாரோ போட்ட அதே எண். ஒரு பிழை கிடையாது. குடி என்ற சொல் எங்கேயும் வராமல் பார்த்துக்கொண்டேன். பதினோராம் நாள் அவர் இறந்தார். துக்கத்துக்குப் போய், நாற்காலி போதாது என்று நின்றுகொண்டே இருந்துவிட்டு வந்தேன். அவர் மனைவி கையைப் பிடித்துக்கொண்டு என்ன சொல்ல வேண்டுமோ அதைச் சொன்னேன்.

மாட்டிக்கொண்டது எப்படி என்பது உங்களுக்குத் தெரியும். அவர் மனைவி முழு ஃபைலையும் எழுதிக் கேட்டு வாங்கினார். அந்த அம்மாள் கணவரை விடக் கறார். இரண்டாம் பக்கத்தைப் படித்தார், நர்ஸம்மாவின் கேள்வியைப் படித்தார், திருப்பி அனுப்பிய மூன்று குறிப்பையும் படித்தார். மூன்றாவது குறிப்பின் அடியில் ஒரு ஃபைல் எண் இருந்தது. அது தன் கணவருடையது இல்லை, யாருடையது என்று கேட்டார். என் தங்கையுடையது. நகலெடுத்து ஒட்டும்போது பழைய எண்ணும் சேர்ந்து ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. நீங்கள் இரண்டு தாளையும் அருகருகே வைத்து, இது கவனக்குறைவா, வேண்டுமென்றே விட்டதா என்று கேட்டீர்கள். கவனக்குறைவுதான். இந்தத் தொழிலில் கடைநிலை ஆள் செய்கிற தவறு. இதற்காக எனக்கு வெட்கமாக இருக்கிறது. மற்றதற்கு இல்லை.

விதிப்படிதான் நடந்தேன் என்று என் வக்கீல் எழுதச் சொன்னார். அப்படிப் பூசி மெழுக எனக்கு விருப்பமில்லை. பழி வாங்கினேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். அவருக்குக் கட்டி இருப்பது தெரிந்தும், சாவார் என்று தெரிந்தும், சாக வேண்டும் என்று விரும்பியும் அந்தக் கேள்வியை மூன்று முறை திருப்பி அனுப்பினேன். தினமும் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டேன், ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு வார்த்தை போதும், அவர் பிழைத்திருப்பார். என் தங்கையைக் கொன்றவரை நான் கொன்றேன். எனக்குத் தூக்கம் நன்றாக வருகிறது.

படிவத்தின் கடைசிக் கட்டம் மட்டும் பாக்கி. ‘வேறு ஏதேனும் சொல்ல விரும்புகிறீர்களா?’ இல்லை என்று எழுதப் போனேன். ஆனால் நர்ஸம்மா தன் வாக்குமூலத்தில் என்னைப் பற்றி ஒன்று கேட்டிருக்கிறார் என்று நேற்று சொன்னீர்கள். தங்கச்சி ஒரே வீட்டில்தானே இருந்தார், மேடம் வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்கலாமே என்று. அவருக்கு இந்த நேரே போய்ச் சொல்கிற புத்தி போகவே போகாது. வார்டுப் பழக்கம். கட்டத்தைக் காலியாக விடக் கூடாது என்பதால் பதில் எழுதுகிறேன்.

உறவுக்காரி ஃபைலைப் படித்தது தெரிந்தால் வேலை போயிருக்கும். காரணம் அதுதான்.

முதல் தடவை கேள்வி திரும்பி வந்த அன்று சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைந்தபோது தங்கை மிஷினை நிறுத்தினாள். யாருடைய உடையோ மடியில் இருந்தது. பல்லில் கடித்திருந்த ஊசியை எடுத்துத் துணியில் குத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

“அக்கா, அன்னிக்கு ஸ்கேன் எடுத்தேன்ல, அந்த ஃபைல் உங்க ஆபீஸ் பக்கம் வந்துதா? டாக்டர் ஒண்ணும் இல்லைன்னாரு. இருந்தாலும் நீ ஒரு தடவ பாத்துச் சொல்லேன். நீ சொன்னாதான் எனக்கு நிம்மதி.”

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தேன். பையில் அந்தக் குறிப்பு இருந்தது.

“நான் நம்பர் போடுறவதான,” என்றேன். “எனக்கென்ன தெரியும்?”

அவள் சிரித்தாள். எதற்குச் சொல்கிறேன் என்று ஞாபகம் இருந்ததோ என்னவோ. துணியில் குத்தியிருந்த ஊசியை எடுத்துப் பல்லில் கடித்துக்கொண்டு மறுபடி மிஷினை மிதிக்கத் தொடங்கினாள்.

இந்தப் பேச்சு எந்த ஃபைலிலும் எழுதப்படவில்லை. எனவே என் தங்கையின் சாவுக்குக் காரணமானவர் என்ற இடத்தில் கமா சார் பெயர் அப்படியே இருக்கட்டும்.